தங்கராசு ஸ்டுடியோவுல டிஸ்க்கு தெரியல

தங்கராசு: ...அப்பவும் டிஸ்க்கு தெரியலம்மா. கம்ப்யூட்டர ஆன் பண்ணா கறுப்புத் திரையிலயே நின்னுக்குது.

இளமதி: டிஸ்க்க சொருவிட்டா ஆன் பண்றீங்க?

தங்கராசு: ஆமா.

இளமதி: கழட்டிட்டு ஆன் பண்ணுங்கப்பா. எல்லாம் வந்தப்புறம் சொருவுங்க.

தங்கராசு: இரு... நீ கல்யாணமாகி சிதம்பரம் போனதுலேருந்து இந்தக் கம்ப்யூட்டர தொட ஆளில்ல.

இளமதி: போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன்ல. அம்மாகிட்ட பேசுறப்ப பின்னாடி உங்க இருமல்தான் கேக்கும்...

தங்கராசு: ...கடலூர்ல நல்ல மழை. அங்க?

இளமதி: இங்கயும்தான். ஸ்கிரீன் வந்துருச்சா?

தங்கராசு: வந்துருச்சு. சொருவிட்டேன். லைட்டு எரியுது... டிஸ்க்கு காட்டல.

இளமதி: முன்பக்கம் சொருவுனா கரண்டு பத்தாது. சிபியூவுக்குப் பின்னாடி சொருவுங்க. யாரு வேல, இவ்ளோ அவசரம்?

தங்கராசு: கஸ்டமரு. கல்யாண வீடியோ.

இளமதி: எந்த ஊரு?

தங்கராசு: மேல்பட்டாம்பாக்கம் பார்ட்டி. உனக்குத் தெரியாது... ஏம்மா, இங்கிலீசுல ஏதோ கேக்குது. ஃபார்மேட்டுன்னு. ஓகே குடுத்துடவா?

இளமதி: குடுத்துடாதப்பா. எல்லாம் அழிஞ்சிடும்.

தங்கராசு: அழிஞ்சிடுமா... கை பட்டிருந்தா போச்சே...

இளமதி: என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?

தங்கராசு: ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

இளமதி: கேன்சல் குடு. டிஸ்க்க கழட்டு. வேற கேபிள் இருக்கா?

தங்கராசு: பழைய டிஸ்க்கோடது கெடக்கு.

இளமதி: அத மாட்டு. மெதுவா.

தங்கராசு: ...வந்துருச்சும்மா. உள்ள ஃபைலு தெரியுது.

இளமதி: அப்பாடா. சரி... வெச்சிடவா?

தங்கராசு: மாப்ள... நல்லாருக்காரா?

இளமதி: யாரு, சார்லஸா?

தங்கராசு: அவருதான்.

இளமதி: நல்லாருக்காரு. இப்பத்தான் மாப்ளன்னு உன் வாயில வருது.

தங்கராசு: வெச்சிடாத, இரும்மா. கஸ்டமர்லாம் யாருமில்ல. இது உன் கல்யாணம். வீடியோ எடுத்த கண்ணாயிரத்துகிட்ட கெஞ்சி ஒரு காப்பி வாங்குனேன். வேற சாதி, வேற மதம்னு வரமாட்டேன்னுட்டேன்... சர்ச்சுல நீ எப்டி நின்னன்னு பாக்கணும் போல இருந்துச்சு.

இளமதி: நீதான் வந்தியேப்பா.

தங்கராசு: ...யாரு சொன்னா?

இளமதி: சர்ச்சு கேட்டாண்ட, வேனுக்குப் பின்னாடி நின்ன. நான் பாத்துட்டேன். கூப்ட்டா போயிடுவியேன்னுதான் கூப்புடல. கண்ணாயிரம் அண்ணன்கிட்ட சொல்லி உன்னையும் எடுக்கச் சொன்னேன். கடைசில வருவ... ஓடவிட்டுப் பாரு, நான் லைன்லயே இருக்கேன்.