ஃபைவ் ஸ்டார் இட்டூப்பு

மேடையில் வீற்றிருக்கும் நம் வாசகசாலைத் தலைவி சத்யபாமா டீச்சர் அவர்களே, வார்டு உறுப்பினர் குஞ்ஞுமுகம்மது அவர்களே, முன்வரிசையில் இருக்கும் இட்டூப்பு சேட்டனின் மனைவி ரோசிலி சேச்சி, ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கும் மகன் டின்சன், ஊர்க்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. சற்றுமுன் நாம் சேட்டனுக்கு அஞ்சலியாக எழுந்து நின்று மௌனமாக இருந்தபோது, "பன்னிரண்டு ரூபாய் வந்துள்ளது" என்று ஒரு பெண்குரல் உரக்கக் கூவியதே, அது என் சட்டைப்பையில் இருந்த போன்தான். கடையில் என் மனைவி யாருக்கோ டீ விற்றிருக்கிறாள். மௌனம் முடிவதற்குள் இன்னொரு டீயும் விற்றுவிட்டது. டீச்சர் பார்த்த பார்வையில் போனை விட்டுவிட்டு நானே அணைந்துபோனேன்.

எனக்கு முன் பேசிய மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "தபால்காரர் இட்டூப்பு, தான் ஏமாந்ததையே ஊருக்குப் பாடமாக்கிய பெருந்தகை." நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு. டீச்சர் இருக்கும் மேடையில் பிழை திருத்த எனக்கு என்ன தகுதி? ஆனால் டின்சன் நாளை மறுநாள் விமானம் ஏறுகிறான். அதற்குள் திருத்தியாக வேண்டும்.

இட்டூப்பு சேட்டன் ஏமாறவில்லை! ஒரு ரூபாய்கூட ஏமாறவில்லை! ஏமாந்தவன் இந்த டீக்கடை லோனப்பன்.

மூன்று வருடத்துக்கு முன் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை. ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டால் போதும். போட்டேன். பார்த்தறியாத ஊரில், படுத்தறியாத கட்டிலுக்கு ஐந்து நட்சத்திரம்! என் டீக்கு இந்த ஊரில் எவனாவது ஒன்று கொடுத்திருப்பானா? மூன்று ஹோட்டலுக்கு நூற்றைம்பது ரூபாய், உண்மையாகவே வந்தது. பிறகு ஒரு குழுவில் சேர்த்தார்கள். அங்கே இருநூறு பேர், தினமும் "எனக்கு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது" என்று படம் போட்டார்கள். அந்த இருநூறில் ஏமாற வந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்போது தெரியாது. ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு என்றார்கள். கட்டினேன், வந்தது. அடுத்து ஐயாயிரம். அடுத்து, போட்டதை எடுக்க வேண்டுமென்றால் இன்னும் கட்டு என்றார்கள். கடைசியில் வரி என்றார்கள். மகள் லின்ஸியின் கல்யாண நகைக்கு வைத்திருந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரமும் போனது.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பார்த்துவிடுவாளே என்று அந்தப் பேச்சையெல்லாம் போனிலிருந்து அழித்தேன். திருடனின் கைரேகையை நானே துடைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் சேட்டனிடம் சொன்னேன்.

"ஏண்டா லோனப்பா, முப்பத்திநாலு வருஷம் தபால் கொடுத்தேன். சம்பளம் வேணும்னா முதல்ல நீ காசு கட்டுன்னு எந்தப் போஸ்ட்மாஸ்டராவது என்கிட்ட கேட்டானா? வேலை குடுக்கிறவன் காசு கேக்கிறான்னா அவன் வேலை வேறடா!"

"புத்திக்கு எட்டலை சேட்டா."

"சரி, எழுந்திரு. சைபர் போலீஸோட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் போடு. அப்புறம் பேங்குக்குப் போவோம். எங்க, அவன் அனுப்பின மெசேஜைக் காட்டு."

"அழிச்சுட்டேன்."

அவர் என்னை அடித்திருக்கலாம். தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். புகாரில் எழுத எங்களிடம் எதுவும் இல்லை. பணம் ஏற்கெனவே பல கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. திரும்பும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சேட்டா, லின்ஸிக்கு சாலக்குடியிலேர்ந்து பேசி வர்றாங்க. இது வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்." அவர் சொன்னார்: "கல்யாணம் முடியற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்டா."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, இதே அறையில் இந்த மோசடி பற்றிச் சேட்டன் எடுத்த முதல் வகுப்பு. "நம்ம ஊர்ல எவன் சேட்டா இதுல விழுவான்?" என்று பின்வரிசையில் சிரிப்பு. யாருக்கோ நடந்ததற்கு யாரும் பயப்படவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் விழுந்தேன்" என்றார்.

என் கதையை, ஐந்து நட்சத்திரத்தோடு, அழித்த மெசேஜோடு, தன் கதையாகச் சொன்னார்! அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தையல்கடை ஷைனி அதே குழியில் கால் வைத்தாள். எதையும் அழிக்காமல் அரை மணி நேரத்தில் போன் போட்டாள். பெரும்பகுதி திரும்பி வந்தது. ஷைனி, நீ இங்கே இருக்கிறாய். உன்னைக் காப்பாற்றியது அவர் சொன்ன பொய்.

டீச்சர், மணி அடிக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"ஃபைவ் ஸ்டார் இட்டூப்பு" என்று ஊரே கேலி செய்ததே, அந்தப் பெயரை வைத்தது யார்? நான்! என் கடை பெஞ்சில் நாலு பேர் சிரித்தபோது, சந்தேகம் என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று எல்லோரையும் விட உரக்கச் சிரித்து வைத்தேன். அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "டீ குடுடா" என்றார், அவ்வளவுதான்.

டின்சன், அந்த வகுப்பின் வீடியோ உன் போனுக்கும் வந்தது. நீ கூப்பிட்டுச் சத்தம் போட்டாய். "இந்த வயசுல புத்தி எங்க போச்சு அப்பச்சா? பாஸ்புக்கை அம்மச்சிகிட்ட குடுங்க." கொடுத்தார். ஊர் முழுக்கப் பணவிடை கொண்டுபோன மனிதர், அதன்பின் டீக்கு "ரோசிலி தருவா" என்று சொல்லிக் குடித்தார். ரோசிலி சேச்சி தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மகனே, உன் அப்பச்சனுக்குப் புத்தி எங்கும் போகவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத் தன் புத்தியை உன்னிடம் அடகு வைத்திருந்தார். அதை இன்று இத்தனை பேர் முன்னால் மீட்டுத் தருகிறேன்.

வரும் ஞாயிறு முதல் அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் எடுப்பேன். வேலைக்குக் காசு கேட்டால் எழுந்து வா, எதையும் அழிக்காதே, வெட்கப்படுவதற்கு முன் போன் போடு. இதைச் சொல்வேன். "நான் விழுந்தேன்" என்பதையும் சொல்வேன். என் வாயில் அது பொய்யாக இருக்காது.

ஒன்று மட்டும் மிச்சம். லின்ஸியின் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் இந்த ஜனவரியில்தான் முடிந்தது. சேட்டன் வந்து பிரியாணி சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனார். போன மாதம், அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லோனப்பா, கல்யாணம்தான் முடிஞ்சுதே. ஊருக்கு வேண்டாம். டின்சன்கிட்ட மட்டும் சொல்லிடட்டுமாடா?"

நான் பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறிய பாலை இன்னும் ஆற்றினேன். காதில் விழாதது போல. அவர் டீயைக் குடித்து முடித்தார், டம்ளரைக் கவிழ்த்து வைத்தார், "சரிடா, மெல்லப் பார்ப்போம்" என்று எழுந்து போனார்.

"சொல்லுங்க சேட்டா." ஒரு மூச்சுக்குள் அடங்கும் பேச்சு. அதை நான் சொல்லவில்லை.