ரெங்கசாமி பெயரில் எழுதப்பட்ட தவறு

மேடையில் அமர்ந்திருக்கும் நம் மகளிர் தொழில் மையத்தின் தலைவர் திரு. பரமேஸ்வரன் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் மகள்களோடு இருக்கும் அம்மா வள்ளியம்மா அவர்களே, பட்டறையை இன்று பூட்டிவிட்டு வந்திருக்கும் புஷ்பவல்லி அவர்களே, அவரோடு வேலை செய்யும் பத்துப் பெண்மணிகளே, இந்த மழையிலும் கேரி தீவிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானுக்கு வந்து சேர்ந்த பெரியோர்களே, மையத்தின் செயலாளர் சிவநேசனாகிய நான் உங்கள் எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் மறைந்தவரின் பெருமையைப் பேச வேண்டும். அந்த முறை எனக்குத் தெரியும். எனக்கு முன் பேசிய மூவரும் அதைச் செய்துவிட்டார்கள். தொண்டுச் செம்மல் ரெங்கசாமி அவர்கள் பஸ் கம்பெனியில் முப்பத்தொரு ஆண்டு மெக்கானிக்காக இருந்ததைச் சொன்னார்கள். திருவிழா நாளில் நின்றுபோன கோயில் ஜெனரேட்டரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட வைத்ததைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த அச்சு இயந்திரத்தின் பேச்சு வந்ததும் மூவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். “கடைசிக் காலத்தில் அவரால் அதைச் சரிசெய்து முடிக்க இயலவில்லை” என்றார் ஒருவர். “வயது யாரை விட்டது” என்றார் இன்னொருவர்.

நான் அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதைப் பேசாமல் அவருடைய பெருமையைப் பேச எனக்கு உரிமை இல்லை.

எதற்காக அந்த இயந்திரம்? வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். புஷ்பவல்லியும் மற்றப் பெண்களும் ஏழு ஆண்டுகளாக ஒரு மர மேசையில் சட்டைகளுக்கு அச்சடித்து வருகிறார்கள். மேசையில் ஒரு நிறம்தான் ஒழுங்காக விழும். இரண்டாம் நிறம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் சாமி படத்துக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். ஆகவே இரண்டு நிறம் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினோம். பள்ளிகள் போயின, கோயில்கள் போயின, பந்து விளையாட்டுக் குழுக்கள் போயின.

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் சட்டை அச்சடிக்கும் கடை ஒன்று மூடப்பட்டது. மூலையில் கிடந்த பழைய இயந்திரத்தை நீங்களே தூக்கிப் போனால் சும்மா தருகிறேன் என்றார் உரிமையாளர். மின்சாரம் வேண்டாத இயந்திரம். நான்கு நிறத்துக்கு அச்சுச் சட்டம் மாட்டும் நான்கு கைகள், சட்டை மாட்ட நான்கு பலகைகள். கையால் சுற்றி, கையால் மையை இழுக்க வேண்டும். லோரியிலிருந்து இறக்கியதும் ரெங்கசாமி அதை மூன்று முறை சுற்றி வந்தார்.

“எலும்பு நல்லா இருக்கு சார். மூட்டுதான் போச்சு.”

“எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டேன். எழுதிக்கொள்ளக் குறிப்பேட்டோடு நின்றேன்.

“சாமான் கெடைச்சா ஒரு மாசம். கெடைக்காட்டி நீங்கதான் சார் சொல்லணும்.”

சாமான் கிடைக்கவில்லை. காய்ந்த மையைச் சுரண்டவே பதினாறு நாள் ஆனது. பிறகு தேடத் தொடங்கினோம். வெளிநாட்டில் இருக்கும் தயாரிப்பாளருக்குப் பாகங்களை எண்ணிட்டுப் படம் வரைந்து கடிதம் அனுப்பினேன். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: அந்த மாதிரியின் தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது, புதிய மாதிரியின் விலைப்பட்டியலை இணைத்திருக்கிறோம். கைகளைத் தூக்கி நிறுத்த இணையத்தில் வாங்கிய ஸ்பிரிங்குகள் ஆறு வாரம் கழித்து வந்தன. விரல் நீளம்கூட இல்லை. திருப்பி அனுப்பலாம் என்றார்கள். எந்த முகவரிக்கு என்று யாரும் சொல்லவில்லை. தொழிற்பேட்டை ஒன்றில் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். காப்பி முடியும் முன்பே புதிய இயந்திரத்தை விற்கப் பார்த்தார்கள்.

செலாயாங்கில் ஒரு ஹார்டுவேர் கடை. கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

“அங்கிள், இது என்னா, ஃபேனா?”

“சட்டையில் அச்சடிக்கும் இயந்திரம் அம்மா.”

“சட்டையா? பாசார் மாலாம்ல ரெடிமேடா வாங்கிக்கலாம் லா அங்கிள். எதுக்கு இவ்ளோ கஷ்டம்?”

இரவுச் சந்தையில் வாங்கச் சொல்கிறாளே என்று ரெங்கசாமி கிள்ளான் வரும் வரை சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்றும் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்குக்கு இத்தனை அலைச்சலா?

கடைசியில் அவரே லோரி பிரேக்கில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து மாட்டினார். முதல் முறை இயந்திரத்தின் கை துள்ளி எழுந்து என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது. “லோரிய நிறுத்தற ஸ்பிரிங் சார் இது. சட்டத்தைத் தூக்கச் சொன்னா உங்களயும் சேத்து தூக்கப் பாக்குது,” என்றார். பிறகு ஒரு துளை தள்ளி மாட்டி அதை அடக்கினார். அது இன்றும் வேலை செய்கிறது.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

ஒரு நிறத்தின் மேல் மறு நிறம் சரியாக உட்கார, ஒவ்வொரு கையிலும் இரண்டு திருத்து போல்ட்டுகள் உண்டு. இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று திருகி நிறத்தை இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு போல்ட்டுகளும் துருப்பிடித்து வளைந்திருந்தன. மாற்ற வேண்டும். நான் பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று ஆண்டு வரைவாளராக இருந்தவன். அளப்பது என் தொழில். வெர்னியர் அளவுகோலை வைத்து எட்டையும் அளந்தேன். ஒன்பதரை மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர் போல்ட் தேய்ந்து ஒன்பதரை ஆகியிருக்கிறது என்று முடிவு செய்து பட்டியலில் எழுதினேன்.

ரெங்கசாமி வெர்னியர் வைத்து அளப்பவர் அல்லர். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய நட்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்து அந்த போல்ட்டில் விரலால் சுற்றினார்.

“சார், இது மில்லி இல்ல. எட்டுல மூணு இன்ச். பழைய பஸ்ல எல்லாம் இதான் வரும்.”

“தேய்ந்த பத்து மில்லி ரெங்கசாமி. நான் அளந்தேன்.”

“நீங்க அளந்தது சரி சார். போல்ட்டு வேற ஊரு.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விரலை நம்புவதா, என் கருவியை நம்புவதா? ஒரு தாளில் அட்டவணை போட்டு அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொன்னா வாங்குவோம் சார். மாட்டறதுக்கு முன்னால நான் ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்” என்றார். பத்து மில்லிமீட்டரில் பதினாறு போல்ட்டுகள் வந்தன. அவை வந்த புதன்கிழமை அவருக்கு மருத்துவமனையில் இருதயப் பரிசோதனை. ஒரு நாள் காத்திருக்க வேண்டியதுதானே? நான் காத்திருக்கவில்லை. அவர் வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் அட்டவணை சரி என்று அவர் பார்க்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

முதல் சுற்று போனது. இரண்டாவது சுற்று இறுகியது. துளைக்குள் பழைய மை இருக்கும் என்று எண்ணி ஸ்பேனரில் குழாயை மாட்டி அழுத்தினேன். போல்ட் உள்ளே போனது. முதல் கை, இரண்டாவது கை, மூன்றாவது கை. நான்காவதில் அது நடுவே நின்று சும்மா சுழன்றபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கழற்றிப் பார்த்தால் அலுமினியத் துளைகளுக்குள் போல்ட்டைப் பிடிக்கும் மரை முழுவதும் தூளாகக் கீழே கொட்டியது. நான்கு கைகளில் மூன்றைக் கெடுத்திருந்தேன். நான்காவதிலும் ஒரு துளை போயிருந்தது. பாகம் கிடைக்காத இயந்திரத்தில், கிடைத்திருந்த பாகத்தையும் நானே அழித்தேன்.

ரெங்கசாமி மாலையில் வந்தார். துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்தார்.

“வாங்க சார், டீ குடிச்சிட்டு வரலாம்,” என்றார். அவ்வளவுதான்.

அந்த வார இறுதியில் செயற்குழு கூடியது. இயந்திரம் ஏன் முடியவில்லை என்று தலைவர் கேட்டார். நான் எழுந்திருக்க முயன்றேன். எழுந்தேனா? இல்லை. எனக்கு முன் ரெங்கசாமி எழுந்துவிட்டார்.

“என் தப்புதான் தலைவரே. கொஞ்சம் பலமா அழுத்திட்டேன். மரை போச்சு.”

செயலாளராகிய நான் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினேன். மார்ச் பதினான்காம் தேதிக் குறிப்பு, ஐந்தாம் பத்தி: “திரு. ரெங்கசாமியின் கவனக்குறைவால் இயந்திரத்தின் பாகங்கள் சேதமடைந்தன.” என் கையெழுத்தில், என் பேனாவில், கீழே என் ஒப்பத்தோடு இருக்கிறது. அன்று முதல் கூட்டத்துக்குக் கூட்டம் அவரைக் கேலி செய்தார்கள். “என்னா ரெங்கா, மிஷின் ஓடுதா, இல்ல நீதான் ஓடறியா?” என்று கேட்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. நான் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். பெருந்தன்மையாக எதையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

“சாமான் வாங்க உங்க கையெழுத்துதான் சார் போகுது. உங்க அளவு தப்புன்னு தெரிஞ்சா இனிமே ஒரு ஸ்க்ரூ வாங்க விட மாட்டாங்க. மிஷின் அப்படியே நின்னுடும். என்னயத் திட்டினா என்னா? பஸ் டிப்போவுல வாங்காத திட்டா?”

அவருக்கு இயந்திரம் ஓட வேண்டும். பெயர் எங்கே போனாலும் சரி.

அவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இந்த மேடையில் அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். அன்றே என்னை நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன். இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

சரியான எட்டில் மூன்று அங்குல போல்ட், அதாவது நான் அளந்த அதே ஒன்பதரை மில்லிமீட்டர், எங்கே கிடைத்தது தெரியுமா? நம் பட்டறைக்குப் பின்தெருவில் உள்ள கடையில். பத்து நிமிடத்தில் வாங்கி வந்தார். ஆனால் போல்ட் பிடிக்க மரை வேண்டுமே. துளையைப் பெரிதாக்கி, கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே திருகினால் அது புது மரையாகும். அங்குல அளவில் அந்தச் சுருளுக்குத்தான் அவர் நான்கு மாதம் அலைந்தார். எல்லாக் கடையிலும் மில்லிமீட்டர்தான். இருதயத்தில் அடைப்பு உள்ள மனிதர் பஸ் ஏறி, ரயில் ஏறி, என் தவறுக்காக அலைந்தார். கடைசியில் ஒரு பழைய கருவிக் கடையில் ஏழு சுருள் கொண்ட ஒரு பெட்டி கிடைத்தது. கெட்ட துளைகளும் ஏழு. உபரி ஒன்றுகூட இல்லை.

ஒரு வாரத்துக்கு ஒரு துளை என்று ஐந்தை முடித்தார். இரண்டு கைகள் முழுமையாகவும் நான்காவது கையின் ஒரு துளையும் சரியாயின. மஞ்சள் மேல் சிவப்பு வைத்து ஒரு சோதனைச் சட்டை அடித்தோம். புஷ்பவல்லி அதைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். “அண்ணே, கோடு கோட்டு மேலயே நிக்குது,” என்றார். ரெங்கசாமி சட்டையைப் பார்க்கவில்லை. மூன்றாவது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற மாதம் இருபத்தொன்றாம் தேதி காலை, பட்டறைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் சாய்ந்துவிட்டார்.

இப்போது இரண்டு துளைகள் பாக்கி. இரண்டு சுருள்கள் பாக்கி. எந்த வேகத்தில் துளையிட வேண்டும், எத்தனை சுற்றில் நிறுத்த வேண்டும் என்று அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. கவனக்குறைவால் கெட்ட இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற தீர்மானம் அடுத்த ஞாயிறு செயற்குழுவுக்கு வருகிறது. அந்தத் தீர்மானத்தின் கீழ் நான் எழுதிய ஐந்தாம் பத்திதான் ஆதாரமாக இணைக்கப்பட்டிருக்கிறது.

தலைவர் அவர்களே, அந்தப் பத்தியைத் திருத்தக் கேட்கிறேன். “திரு. ரெங்கசாமியின் கவனக்குறைவால்” என்ற சொற்களை நீக்கி, “செயலாளர் சிவநேசன் தவறான அளவு போல்ட்டைப் பலவந்தமாகத் திருகியதால்” என்று எழுத வேண்டும். செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்குவதானால் நீக்குங்கள். சாமான் வாங்கும் கையெழுத்தை வேறொருவருக்குக் கொடுங்கள். இயந்திரத்தை மட்டும் விற்காதீர்கள். அது கெட்ட இயந்திரம் அன்று; ஒரு நல்ல மெக்கானிக் முக்கால்வாசி முடித்த இயந்திரம்.

அம்மா வள்ளியம்மா அவர்களே, உங்கள் கணவர் பலமாக அழுத்தவில்லை. எதையும் அவர் பலமாக அழுத்தி நான் பார்த்ததில்லை. இதை உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறை வாசல் வரை வந்து திரும்பினேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் துணிவு இல்லை. எல்லாருக்கும் முன்னால் இதைச் சொல்லிவிட்டேன் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தொண்டுச் செம்மல் ரெங்கசாமி அவர்களின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் என் உறுதிமொழியை நானே முழுவதும் நம்பவில்லை. என் கண்ணும் கையும் முன்போல் இல்லை. ஆகவே, புஷ்பவல்லி, இது உங்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறக்கிறேன். முதலில் ஒரு வீண் அலுமினியத் துண்டில் பத்துத் துளை போட்டுப் பழகுவேன். பிறகு மூன்றாவது கையை அளந்து, அளவைச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி மடித்து வைப்பேன். நீங்களும் தனியாக அளந்து எழுதுங்கள். இரண்டு தாளும் ஒன்றாக இருந்தால் துளையிடுவோம். வேறாக இருந்தால், நான் வாதாட மாட்டேன். கருவியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் சொல்வதைக் கேட்பேன்.

வணக்கம்.