பொட்டி கத்துது

இந்த ஊர் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள். பாதி போதும் என்று சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு அதே அளவைப் போடுவார்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு வரும் டீயும் அப்படித்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். வக்கீல் வேண்டாம். நான் சொல்வதை அவருக்குப் புரியவைப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிடும்.

என் தொழில் குரங்கு. சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். ஒரு பழக்கம் ஒரு இனத்தில் ஏன் தங்கியது, ஏன் ஒழிந்தது என்பதைப் பார்ப்பவன். திருத்தணி மலையில் இருக்கிற குரங்குகள் நாயையோ பாம்பையோ கண்டால் ஒரு குரல் கொடுக்கும், கேட்டவை மரமேறும். அங்கே ஒரு கிழட்டுப் பெண்குரங்கின் குரலைப் பதிவு செய்து, நாயும் பாம்பும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒலிபெருக்கியில் போட்டேன். முதலில் எல்லாம் ஓடின. நாளாக ஆக, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. கடைசியில் அதுவும் இல்லை, உட்கார்ந்த இடத்தில் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. வேறொரு குரங்கு கத்தினால் மட்டும் பழையபடி ஓடின. புளுகுகிறவள் யார் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

இதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினேன். மதிப்பிட்ட மேதாவி, இவை படிக்கட்டில் தேங்காய் பொறுக்கும் கோயில் குரங்குகள், இவற்றை வைத்துப் பரிணாமம் பேச முடியாது என்று திருப்பிவிட்டார். அந்த மனிதர் குரங்கை மிருகக்காட்சிசாலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருப்பார். என் துறையில் இருக்கிற மண்டூகங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கே கோயில் குரங்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கோதண்டத்திடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவன், என் சாமான்களைத் தூக்கி வருவான். அவன் மனைவி எல்லம்மாள் களையெடுக்கப் போவாள். அவன் எனக்கு ஆறுதல் சொல்லத் துணிந்தான்.

“கொரங்கு அப்டித்தான் சார். மனுசன் அப்டி கெடியாது. நான் ஒருவாட்டி கத்துனேன்னு வெச்சிக்கோங்க, எங்கூரே ஓடியாரும்.”

“பத்து தடவை பொய்யா கத்துனா?”

“ஆங், அப்பவும் வருவாங்க சார். திட்டிக்கினே வருவாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இருபது வருஷமாக நான் படித்ததை இவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே தள்ளிவிடுகிறான். ஒரு உயிர் இன்னொன்றுக்கு உதவுவது, தனக்கு ஏதாவது வரும் என்கிறவரைதான். ஏமாந்து போகிறோம் என்று தெரிந்தால் நின்றுவிடும். மனிதாபிமானம் என்பதெல்லாம் அதற்குக் கட்டிவிட்ட பட்டுப்பாவாடை. சரி, கோயில் குரங்கு வேண்டாமென்றால் இந்த ஊர் இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கடலைக் கொல்லையில் குரங்கு விரட்டுவதற்கு என்று சொல்லி அவன் குரலைப் பதிவு செய்தேன். குஷியாகக் கத்தினான். “ஐயோ, யாராச்சும் வாங்களேன், உளுந்துட்டேன்.” கத்தி முடித்து, “போதுமா சார், இன்னும் கொஞ்சம் அழுவட்டா?” என்று கேட்டான்.

குடியிருப்புக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. ஒலிபெருக்கியை அங்கே ஒளித்து வைத்துப் போட்டேன். முதல் நாள் ஊரே ஓடிவந்தது. கடலை போட்டிருந்த பங்காரு, வயதான ஆள், வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடிவந்தார். ஆராய்ச்சி என்று சொன்னேன். கல்லூரியிலிருந்து வந்தவர் என்பதால் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்தடுத்துக் கூட்டம் குறைந்தது. ஒருநாள் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேரம் வைத்துவிட்டு வந்து டீக்கடையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே குவாரியிலிருந்து குரல் கேட்டது. புதிதாக வந்த ஒருவன் பதறி எழுந்தான்.

பங்காரு அவன் கையைப் பிடித்து இழுத்தார். “குந்து நைனா. பொட்டி கத்துது.”

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். மலைமேல் பேன் பார்த்தவையும் இங்கே பஜ்ஜி தின்றவர்களும் ஒன்றுதான்.

எல்லம்மாள் மட்டும் வந்துகொண்டிருந்தாள். கொல்லையிலிருந்து களைக்கொத்தோடு வருவாள். “பொட்டின்னு தெரியும் சார். இருந்தாலும் ஒருவாட்டி பாத்துட்டு பூட்றேன்.” எட்டிப் பார்த்து, “பாழாப்போன பொட்டி, உன் வாயில மண்ணு வுழ” என்று சபித்துவிட்டுப் போவாள். எந்தக் கூட்டத்திலும் ஒன்று மந்தமாக இருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. பொய்க் குரலுக்கு வரவில்லை என்று எழுதினால், நிஜக் குரலுக்கு என்ன செய்வார்கள் என்று அந்த மேதாவி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நிஜமாக ஒருவன் கத்த வேண்டும், அதே குரலில் கத்த வேண்டும்.

மழை பெய்து குவாரியில் தண்ணீர் நின்றிருந்தது. பெட்டியைக் கீழே ஒரு மேடையில் வைத்தேன். இறங்குகிற வழியில் ஒரு பலகைக்கல் உண்டு, அதற்கு முட்டுக்கொடுத்திருந்த சின்னக் கல்லைத் தோண்டி எடுத்தேன். பிறகு கோதண்டத்தைக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்து வரச் சொன்னேன்.

“வழுக்குமே சார்.”

“பாத்துப் போ” என்றேன்.

கல் அவனோடு சரிந்தது. இடுப்பை அழுத்திக்கொண்டு கல், கழுத்துவரை தண்ணீர். கையில் பிடிமானம் இருந்தவரை தலை மேலே இருந்தது. என்னிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே கத்தின அதே வார்த்தைகளைத்தான் கத்தினான். நல்ல வெளிச்சம், டீக்கடை நிறைய ஆள். நான் மேலே பனைமரத்தடியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து ஒருவரும் எழவில்லை. கல்லைத் தோண்டியது நான், ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் யார் என்று அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எல்லம்மாளா? ஆமாம், வந்தாள். அதற்குள் அவன் ஊரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான். சார், சார், கையக் குடுங்க சார் என்று. பெட்டியில் அந்த வார்த்தை கிடையாது.

அவள் சபித்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள். “இன்னா சார், பொட்டி இன்னிக்கி ஒங்களயும் கூப்புடுது?”

“புதுசா பதிஞ்சது. நீ போம்மா.”

“ஒருவாட்டி பாத்துட்டு பூட்றேன்.”

“வழுக்கும். பெட்டிய ஒடச்சிடுவ.”

“அவுரு எங்க சார்?”

“பேட்டரி வாங்க அரக்கோணம் போயிருக்கான்.”

களைக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு போய்விட்டாள். புளுகுகிறவன் யார் என்று மலைமேல் ஒரு குரங்குக்குத் தெரிகிறது, இவளுக்குத் தெரியவில்லை.

கட்டுரையில் யாரும் வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். அதைத் திருத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வந்தது ஒருத்தி. அவளும் திட்டிக்கொண்டேதான் வந்தாள்.