பாட்டில் மாத்தியாச்சு

— இல்ல பெர்னார்ட் அண்ணா, பதினொரு மணிக்கு மேடை ஏறி அடிச்சுச் சொல்லப் போறேன். சக்கரைத் தண்ணியையும் எண்ணெய்க் கரைசலையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, எலி எண்ணெயைத்தான் குடிக்கும். எட்டு வாரம், பன்னெண்டு எலி!

— கெத்தா சொல்லுங்க மைதிலிம்மா. பொம்மசந்திராவுல எத்தினி லேப்ல எலிக்குத் தீனி வச்சுகீறேன், உங்கள மாதிரி எலிய நம்புனவங்கள நான் பாத்ததில்ல.

— எலியையா நம்பினேன்? உங்களத்தான். யாராவது எழுந்து, "ருசிக்காகக் குடிக்கல, எலிக்கு அந்தப் பக்கம் பழகிப்போச்சு"ன்னு மடக்கினா, பதில் ரெடி. தினம் காலைல பாட்டில மாத்தினோம்னு சொல்லிடுவேன்.

— ஒரு நாள் தவறல. பழச கழுவப் போட்டுட்டு, புதுசு ரொப்பி, அதே எடத்துல மாட்டிருவேன்.

— அதே இடத்துலயா?

— ஆமா. எண்ணெ சோத்தாங்கை பக்கம், சக்கர பீச்சாங்கை பக்கம். எடம் மாறுனா எலி கொழம்பிராதா?

— அண்ணா! மாத்துங்கன்னா, வலது பக்கத்து பாட்டில இடது பக்கம் வைங்கன்னு அர்த்தம்!

— மாத்துங்கன்னுதானம்மா சொன்னீங்க? எங்க ஊட்ல தண்ணி மாத்துன்னா, பழச கொட்டிட்டு புதுசு ரொப்புறதுதான்.

— போச்சு. அந்த இடது பக்கம் எலிக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?

— ஏசி காத்து நேரா அங்கதான் அடிக்கும். எலிங்க அந்தாண்ட அவ்ளோவா போவாது.

— அப்போ எண்ணெய் ஜெயிச்சுதா, ஏசி ஜெயிச்சுதா?

— இருங்க, பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழம நான் கேஜிஎஃப்ல பூசைக்குப் போயிருவேன். அன்னிக்கு ரக்ஷாதான பாத்துக்குது? அதுகிட்ட இன்னான்னு சொன்னீங்க?

— அவளுக்குத் தமிழ் வராதே. கன்னடத்துல, "அதலு பதலு மாடு"ன்னேன்.

— அப்பால இன்னா? அது கரெக்டா எடத்த மாத்திகீது! அந்தப் பொண்ணு எழுதுன ஞாயித்துக்கிழம கணக்க மட்டும் எடுத்துப் பாருங்க. எண்ணெதான் புடிக்கும்னா, காத்தடிச்சாலும் எலி அந்தாண்ட போயிருக்கும்.

— பாக்க வேண்டியதே இல்லண்ணா. எட்டு ஞாயிறும் சக்கரைதான் காலியாச்சு.

— தெரிஞ்சும் இத்தினி நாளா ஏன் சொல்லல?

— ரக்ஷா லேபிளத் தப்பா ஒட்டிட்டான்னு நெனச்சேன். அந்த எட்டு நாளையும் கணக்குலேருந்து தூக்கிட்டேன். நேத்து சாயங்காலம், அவளயும் வேலையிலேருந்து தூக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்.