நாலேகால் மணி வகுப்பு

டீச்சர்: ...சைலன்ஸ்! கடைசி பெஞ்ச், அங்க என்ன சிரிப்பு?

கடைசி பெஞ்ச்: நான் இல்ல டீச்சர். இவன்தான் கிச்சுக்கிச்சு மூட்டறான்.

டீச்சர்: எவன்?

கடைசி பெஞ்ச்: பக்கத்துல இருக்கறவன்.

டீச்சர்: உன் பக்கத்துல இருக்கறது தண்ணி பாட்டில். எழுந்து நில்லுடா!

கடைசி பெஞ்ச்: எப்படி நிக்கறது? போனைப் பாட்டில்ல சாய்ச்சு வெச்சிருக்கே. அசைஞ்சா நான் குப்புற விழுவேன். அப்புறம்... கட்டின புருஷனைப் போய் "டா"ன்னு...

டீச்சர்: நாலேகால்லேர்ந்து நாலே முக்கால் வரைக்கும் நான் டீச்சர், நீங்க ஸ்டூடண்ட். ரூல் போட்டது யாரு? நீங்கதானே?

கடைசி பெஞ்ச்: போட்டேன், என் புத்தியை... சரி, இப்ப ஒரு தப்பு பண்ணே பாத்தியா?

டீச்சர்: என்ன தப்பு?

கடைசி பெஞ்ச்: போர்டுகிட்டயே நின்னு கத்தினே. நீ கத்தினா எங்களுக்கு அது ஓசி சினிமா. வாயைத் திறக்காம நடந்து வந்து என் பெஞ்ச் பக்கத்துல நில்லு. நின்னுக்கிட்டே பாடத்தை நடத்து. நான் தானா அடங்கிடுவேன்.

டீச்சர்: அனுபவம் பேசுது.

கடைசி பெஞ்ச்: பின்ன? பத்து வருஷ சர்வீஸ், ஒரே பெஞ்ச். மூணு மாசம் முன்னாடி வேலைல சேர்ந்த முதல் நாள் "இந்த வேலையே எனக்கு வேணாம்"னு அழுதுட்டே போன் பண்ணினியே, அப்ப உன் ட்ரெயினிங் புஸ்தகமா வந்து நின்னுச்சு? நான்தானே போன்ல வந்தேன். ம், நடந்து வா.

டீச்சர்: ...வந்துட்டேன்.

கடைசி பெஞ்ச்: இன்னும் கொஞ்சம் கிட்ட.

டீச்சர்: இதுக்கு மேல போனுக்குள்ளதான் குதிக்கணும்.

கடைசி பெஞ்ச்: குதிச்சா வேணாம்னா சொல்லப்போறேன்... நெத்தியில சாக்பீஸ் பவுடர் இருக்கு.

டீச்சர்: எங்க?

கடைசி பெஞ்ச்: இடது புருவத்துக்கு மேல... அங்க இல்ல, இன்னும் மேல... விடு, இருக்கட்டும். கை எட்டினா நானே துடைச்சிருப்பேன்.

டீச்சர்: ...

கடைசி பெஞ்ச்: என்ன டீச்சர், பாடம் நின்னுபோச்சு?

டீச்சர்: ஒண்ணுமில்ல. போர்டுல எழுதறேன், தெரியுதா பாருங்க.

கடைசி பெஞ்ச்: எழுத்து தெரியுது. முதுகைக் காட்டாதே. நீ முதுகைக் காட்டற நேரம்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு தோளு எங்க பக்கம் இருக்கட்டும்... ஆங், அப்படி. டீச்சர், டீச்சர்!

டீச்சர்: என்ன?

கடைசி பெஞ்ச்: நாளைக்கு லீவு வேணும். வயித்து வலி.

டீச்சர்: நாளைக்கு வரப்போற வயித்து வலி இன்னிக்கே தெரிஞ்சுடுச்சா? வாயால சொன்னா செல்லாது. லெட்டர் எழுதிட்டு வா. மதிப்பிற்குரிய அம்மா, விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.

கடைசி பெஞ்ச்: கீழ்ப்படிதலுள்ளன்னு வேற எழுதணுமா? அநியாயப் பொய்யா இருக்கே.

டீச்சர்: எழுதினாத்தான் லீவு.

கடைசி பெஞ்ச்: பத்து வருஷம் எழுதினதுல ஒரு லெட்டர்கூட நிஜம் இல்ல. கடைசியா ஒண்ணு எழுதினேன், அதுதான்... சரி விடு.

டீச்சர்: எது? யாருக்கு எழுதினீங்க?

கடைசி பெஞ்ச்: யாருக்கோ. இன்னிக்கு நிஜ கிளாஸ்ல என்ன ரகளை, அதைச் சொல்லு.

டீச்சர்: அதை ஏன் கேக்கறீங்க! நெட்டைக்கொக்கு இருக்கானே, காகித ராக்கெட் விட்டான். நேரா என் காதுல. கத்திக் கத்தித் தொண்டையே வத்திப்போச்சு.

கடைசி பெஞ்ச்: நெட்டைக்கொக்கா?

டீச்சர்: அவனேதான்.

கடைசி பெஞ்ச்: அவன் காலை உடைச்சுக்கிட்டு ரெண்டு வாரம் லீவுன்னு நேத்து சொன்னே.

டீச்சர்: ...அது... இது அவன் தம்பி.

கடைசி பெஞ்ச்: ஒரே கிளாஸ்லயா?

டீச்சர்: இரட்டைப் பிள்ளைங்க.

கடைசி பெஞ்ச்: நேத்து வரைக்கும் ஒத்தைப் பிள்ளையா இருந்தான். ஒரே ராத்திரில...

டீச்சர்: நீங்க என் பக்கமா, அவங்க பக்கமா?

கடைசி பெஞ்ச்: நான் கடைசி பெஞ்ச் பக்கம்... ஏய், நான் சாய்ஞ்சிருக்கற தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் பாரு. மூடி நீலமா?

டீச்சர்: நீலம்தான். ஏன்?

கடைசி பெஞ்ச்: நீல மூடி எங்க பேக்டரி மிஷின்ல அடிக்கறது. ஒருவேளை நான் அடிச்சதா இருக்கும். ரெண்டு வருஷமா நான் வர முடியல, மூடி வந்துடுச்சு பாரு.

டீச்சர்: ...சும்மா இருங்க. இனிமே அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடவும் முடியாது.

கடைசி பெஞ்ச்: சரி, ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழமையிலேர்ந்து பகல் ஷிப்ட்ல ஒரு இடம் காலியாகுது. வர்றியான்னு சூப்பர்வைசர் கேட்டார். அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்.

டீச்சர்: பகல்னா... இந்த நேரம்?

கடைசி பெஞ்ச்: இந்த நேரம் மிஷின்கிட்ட நிப்பேன். போன் லாக்கர்ல கிடக்கும்.

டீச்சர்: அப்ப நம்ம கிளாஸ்?

கடைசி பெஞ்ச்: வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போன் பண்ணலாம்...

டீச்சர்: வீட்டுக்கா! அத்தை பேசி, மாமா பேசி, நாத்தனார் பேசி, அவ பிள்ளைங்க போனைப் பிடுங்கி விளையாடி, என் கைக்கு வரும்போது சார்ஜ் செத்துப்போயிருக்கும். "சாப்டீங்களா?" "ம்." "நீ?" "ம்." "வெச்சிடவா?" "ம்." போன வருஷம் பூரா நாம குடும்பம் நடத்தினதே அந்த மூணு "ம்"லதான்!

கடைசி பெஞ்ச்: அதான் உன்னைக் கேக்கறேன். உன் பசங்க அடங்கிட்டாங்கன்னா பகலுக்கு மாறிடறேன். அடங்கலேன்னா நைட்லயே இருந்து கிளாஸ் எடுப்போம். நீயே சொல்லு.

டீச்சர்: ...அடங்கல.

கடைசி பெஞ்ச்: நிஜமா?

டீச்சர்: காது கிழியுதுங்கறேன்!

கடைசி பெஞ்ச்: சரி, அப்ப நைட்டே...

டீச்சர்: இருங்க. கண்ணைக் காட்டுங்க.

கடைசி பெஞ்ச்: எதுக்கு?

டீச்சர்: காட்டுங்கன்னேன்... ஐயோ, மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கு! காலையில எத்தனை மணிக்குப் படுத்தீங்க?

கடைசி பெஞ்ச்: எட்டு.

டீச்சர்: எழுந்தது?

கடைசி பெஞ்ச்: பதினொண்ணு. எதிர் ரூம்ல ஒரே சத்தம், வெயில் வேற... பழகிடுச்சு விடு.

டீச்சர்: மூணு மாசமா மூணு மணி நேரத் தூக்கமா? அந்த சூப்பர்வைசர் உருப்படுவாரா? இத்தனை பேர் இருக்கும்போது நைட் ஷிப்டை உங்க தலையிலதான் கட்டணுமா? தினமும் பஸ்ல அவரைத் திட்டிட்டேதான் வரேன்.

கடைசி பெஞ்ச்: திட்டாதே... அவர் பாவம்.

டீச்சர்: பாவமாம்! ...இருங்க, வாட்ச்மேன் அண்ணே, ரெண்டே நிமிஷம், நானே பூட்டிச் சாவி குடுத்துடறேன்... ம். நீங்க பகலுக்கு மாறிடுங்க.

கடைசி பெஞ்ச்: என்னது?

டீச்சர்: மாறிடுங்க. பசங்க அடங்கிட்டாங்க.

கடைசி பெஞ்ச்: இப்பதான் காது கிழியுதுன்னே?

டீச்சர்: பொய். ரெண்டாவது வாரமே அடங்கிட்டாங்க. நீங்க சொன்ன மாதிரி பக்கத்துல போய் நின்னேன். நெட்டைக்கொக்குக்கு போர்டு அழிக்கற வேலை குடுத்தேன். அவ்வளவுதான். இப்ப ஹெட்மாஸ்டர் மத்த டீச்சர்களை என் கிளாஸ் வந்து பாத்துட்டுப் போகச் சொல்றார்.

கடைசி பெஞ்ச்: அப்ப ராக்கெட்டு, சண்டை, மை கொட்டினது...

டீச்சர்: எல்லாம் நான் பஸ்ல உக்காந்து ஜோடிச்சது.

கடைசி பெஞ்ச்: எதுக்கு?

டீச்சர்: எதுக்கா? பசங்க அடங்கிட்டா நீங்க எதுக்குப் போன் பண்ணப் போறீங்க? உங்களைப் பாக்காம இருக்க முடியல, தினமும் அரை மணி நேரம் எனக்கே எனக்கா வேணும்னு கேக்க வாய் வரல. பசங்க தொல்லை தாங்கலன்னு சொல்ல வந்துச்சு. போதும், உங்க கண்ணைப் பாத்த பிறகு என்னால முடியாது. மாறிட்டு நல்லாத் தூங்குங்க.

கடைசி பெஞ்ச்: ...

டீச்சர்: பேசுங்களேன்... கோவமா?

கடைசி பெஞ்ச்: ஒரு டவுட் டீச்சர். லெட்டர்ல தேதியை மேல போடணுமா, கீழயா?

டீச்சர்: இப்ப எந்த லெட்டர்?

கடைசி பெஞ்ச்: சூப்பர்வைசருக்கு எழுதினேனே. முதல் நாள் நீ அழுதே இல்ல, அதுக்கு மறுநாள்.

டீச்சர்: அவருக்கா? ...என்னன்னு?

கடைசி பெஞ்ச்: "மதிப்பிற்குரிய ஐயா, என் மனைவிக்கு நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் முடிவதால், அந்த நேரத்தில் நான் அவளோடு இருக்கும்படி என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள... கடைசி பெஞ்ச்."