முற்றத்தில் ஒட்டாத ஆணை

போப்பாண்டவராம் திருத்தந்தையின் சின்னஞ்சிறு நாட்டில் சட்டம் காத்த சான்றோரே, அஞ்சாமையையே அணியாகப் பூண்ட அறவோரே, மதிய உணவு நேரத்தைத் தாண்டி வாதாடும் வழக்கறிஞரை ஒருநாளும் மன்னிக்காத மாண்புமிகு நீதிபதி எவரிஸ்தோ மொந்தானி அவர்களே,

கால் நூற்றாண்டாக எங்கள் நீதிமன்றத்தில் தாங்கள் வீற்றிருந்தீர்கள். இந்நாட்டில் சட்டம் இயற்றுபவரும் திருத்தந்தையே, ஆள்பவரும் அவரே, தீர்ப்புகள் வழங்கப்படுவதும் அவர் பெயரிலேயே. அவரை விசாரிக்க மண்ணில் ஒருவரும் இல்லை. அத்தகைய இடத்தில் நீதிபதியாக இருப்பது கத்திமேல் நடப்பது போன்றது. தாங்களோ காபியை உறிஞ்சியபடியே நடந்தீர்கள்.

ஓட்டுநர் ஒரேஸ்தேயின் வழக்கை எப்படி மறப்போம்? அரண்மனைக் கடிதங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்தார் என்பது அவர்மேல் குற்றச்சாட்டு. விசாரணையின் நடுவில் ஒரு கர்தினால், திருத்தந்தை பதினைந்தாம் கிளமெந்து கையொப்பமிட்ட ஆணையோடு வந்தார். ஒரேஸ்தேக்கு இனி வழக்கறிஞர் கிடையாது என்றது அது. எந்தப் புதுச் சட்டமும் அரண்மனை முற்றத்துப் பலகையில் ஒட்டப்பட்ட பிறகே நடைமுறைக்கு வரும் என்பது திருத்தந்தையே வகுத்த விதி. இதுவோ ஒட்டப்படவே இல்லை.

"முற்றத்துல ஒட்டிட்டு வாங்க, ஆண்டகை. அப்புறம் நான் கீழ்ப்படியறேன்" என்றீர்கள்.

"அவர் நினைச்சாலே சட்டம்தானே, நீதிபதி. ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்றார் கர்தினால்.

"காட்டத்தான் வேணும். ஒட்டினாதான் சட்டம்னு சொன்னதும் அவர்தானே."

தங்கள் பதவி பறிபோகும் என்றே அஞ்சினோம். மேசையைக் காலி செய்ய அட்டைப்பெட்டிகூட எடுத்து வைத்தோம். மறுநாள் திருத்தந்தை தங்களை அழைத்தார். அவர் சொன்னதைத் திரும்பி வந்து அப்படியே எங்களிடம் சொன்னீர்கள்: "ஒட்டச் சொல்லி ஆளை அனுப்பினேன். எல்லாரும் நின்னு படிப்பாங்களேன்னு நெனச்சதும் வெட்கமாப் போச்சு. திரும்ப வாங்கிட்டேன்."

ஒரேஸ்தேக்காக வழக்கறிஞர் வாதாடினார், ஒரேஸ்தே விடுதலையானார். அன்று பெருமையில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

குன்றாத நலமும் குறையாத ஆயுளும் இறைவன் தங்களுக்கு அருள்க. துணைவியார் ஃபுல்வியா அம்மையார் வறுக்கும் நெத்திலியும், எவரும் வாதாட வராத நீண்ட மதியங்களும் தங்களுக்கு வாய்க்கட்டும்.

தங்கள் ஓய்வு ஆணை நேற்றுவரை முற்றத்தில் ஒட்டப்படவில்லை. செல்லாது என்று வாதாட ஆசையோடு காத்திருந்தோம். இன்று காலை போய்ப் பார்த்தோம், ஒட்டியிருந்தது. ஒரேஸ்தேயும் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்று படித்தார். இனி என்ன செய்வது, அது சட்டம்.

வேறு வழியின்றிக் கீழ்ப்படியும்,
நீதிமன்ற ஊழியர்கள்