ஒன்றரை மணி நேரம்

அக்தர்: ...துபாய்ல இருந்து மீனம்பாக்கம் நாலு மணி நேரத்துல வந்துட்டேன். இங்க இருந்து தாம்பரம் போறதுக்குள்ள உசுரு பூடும் போலக்கீது. இன்னும் பல்லாவரமே தாண்டல, யாசீன் மச்சான்!

யாசீன்: சிக்னல்டா... நான் இன்னா பண்றது?

அக்தர்: அந்த ஆட்டோ பின்னாடியே விடுங்க. நேத்து சாயங்காலம் மக்ரிப் தொழுகை நேரத்துல கண்ண மூடுனதுல இருந்து அத்தா எனக்காகப் படுத்துகினு கீறாரு. தூக்குறதுக்கு முன்னாடி அவரு மூஞ்ச ஒரு தபா பார்த்துட்டா போதும்.

யாசீன்: ம்...

அக்தர்: இன்னா ம்? அசர் தொழுகைக்கு அப்புறம்தானே எடுக்குறாங்க?

யாசீன்: மொதல்ல தண்ணி குடி. பாட்டிலு அங்க...

அக்தர்: தண்ணி ஒண்ணுதான் கொறச்சலு... உங்க கையில இன்னா, மண்ணு?

யாசீன்: வர்ற வழியில பஞ்சரு. டயர் மாத்தினேன்.

அக்தர்: அதான் ஏர்போர்ட்டுக்கு லேட்டா?

யாசீன்: ஆமா... அதான்.

அக்தர்: எப்ப லீவுல வந்தாலும் அத்தா முன்னாடியே வந்து கம்பியப் புடிச்சுகினு நிப்பாரு. "இன்னாடா, பிளேன உருட்டிகினு வந்தியா?"ம்பாரு.

யாசீன்: ரெண்டு மணி பிளேனுக்கு பன்னெண்டுக்கே என்னையும் இழுத்துகினு வருவாரு. டைம் கணக்கெல்லாம் அவருதான்... எனக்கு வராது.

அக்தர்: இன்னா கணக்கு?

யாசீன்: அக்தர்... நேத்து போன்ல நீ இன்னா சொன்ன?

அக்தர்: காலைல பத்து மணிக்கு பிளேனு, நாலு மணி நேரம்னு சொன்னேன்.

யாசீன்: பத்தும் நாலும்... பையன் ரெண்டு மணிக்கு இறங்குறான்னு ஜமாஅத்துல நான்தான் சொன்னேன்.

அக்தர்: அது துபாய் பத்து மச்சான். நமக்கு பதினொன்றரை.

யாசீன்: இப்பத் தெரியுதுடா! மூணு வரைக்கும் எல்லாரும் நின்னாங்க. உனக்குப் போட்டா சுவிட்ச் ஆஃப்.

அக்தர்: பிளேன்ல இருந்தேன். ஏறும்போது போட்டேனே, நீங்க எடுக்கல.

யாசீன்: அப்ப... அத்தாவ குளிப்பாட்டிகினு இருந்தோம்.

அக்தர்: சரி... மூணுக்கு அப்புறம்?

யாசீன்: பையன் பிளேன வுட்டுட்டான் போலன்னாங்க பெரியவங்க. இதுக்கு மேல, அசர் வரைக்கும்கூட வெச்சிருக்கக் கூடாதுன்னாங்க. உங்கக்கா வாசல மறிச்சுகினு நின்னா. "என் தம்பி வருவான், வருவான்"னு ஒரே கத்து. நான்தான்... அவ கையப் புடிச்சு இழுத்து வழி வுட்டேன்.

அக்தர்: வண்டிய ஓரமா நிறுத்துங்க.

யாசீன்: நீ இறங்கிட்டேன்னு போன் பண்ணப்ப நான் கபர்ஸ்தான்ல நின்னுகினு இருந்தேன்டா. மூணு புடி மண்ணு... உன் பங்கையும் நான்தான் போட்டேன். அடி, திட்டு... ஏதாவது பேசு அக்தர்!

அக்தர்: டயர் மாத்தினா கை கறுப்பாவும் மச்சான். உங்க நகத்துல கீறது செம்மண்ணு. பஞ்சருன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் அத்தா வூட்டுலதான் கீறாரு... அதான் ஒண்ணும் தெரியாத மாதிரி வந்தேன். அந்தக் கைய இங்க குடுங்க.